கண்ணை மட்டும் விட்டுட்டு அடியுங்கோ, ரீச்சர்



பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். பாதியில் விட்டுவிட்டு வந்து திட்டாதீர்கள். முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன கிழமை ஆசிரியர் ஓய்வறையில் ஒரு கடதாசி கை மாறி எங்களிடம் வந்தது. 'ஆசிரியர்களின் கைகளைக் கட்டும் சட்டத் திருத்தத்தை எதிர்ப்போம்' என்று மேலே தடித்த எழுத்து. கீழே பெயர், பாடசாலை, கையெழுத்து என்று கோடு போட்ட கட்டங்கள். எங்களுக்கு முன்னால் வைத்தவர்களில் எங்களுக்குப் படிப்பித்தவரும் இருந்தார், எங்களோடு பயிற்சிக் கலாசாலையில் ஒரே வாங்கில் இருந்தவரும் இருந்தார். நாங்கள் வைக்கவில்லை. கடதாசியை அப்படியே பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டோம். அன்றிலிருந்து தேத்தண்ணி நேரத்தில் கதை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆகவே ஏன் வைக்கவில்லை என்பதை எல்லாருக்கும் ஒரே தடவையில் சொல்லிவிடுவது நல்லது.

'நாங்கள்' என்று எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. தனி ஆளாக நல்ல ரீச்சர் என்று பெயர் எடுக்க இந்தப் பதிவை எழுதவில்லை. நாங்கள் அடித்திருக்கிறோம். அடிமட்டத்தால் அடித்திருக்கிறோம், பூவரசந் தடியால் அடித்திருக்கிறோம், கோபத்தில் கையாலும் அடித்திருக்கிறோம். 'நான் ஒரு நாளும் பிள்ளைக்குக் கை ஓங்கினதில்லை' என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடிய ஆசிரியர் இந்தப் பக்கத்தில் இருந்தால் அவருக்குச் சலாம். மற்றவர்கள் எங்களோடு சேர்ந்து இந்த 'நாங்களுக்குள்' வாருங்கள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஏனென்றால் கையெழுத்து வைத்தவர்களில் பாதிப்பேர் எதை எதிர்க்கிறோம் என்று தெரியாமல்தான் வைத்திருக்கிறார்கள். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. வெள்ளைக்காரன் எழுதியது. அதில் 341ஆம் பிரிவு 'குற்றவியல் பலாத்காரம்' என்றால் என்ன என்று விளக்குகிறது. அதாவது இன்னொருவரின் உடம்பில் சட்டவிரோதமாகப் பலத்தைப் பிரயோகிப்பது. சாதாரண ஆட்களுக்கு விளங்குவதற்காகக் கீழே உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் இருக்கும் வண்டியின் குதிரைகளை அடித்து ஓட வைப்பது, குளிப்பவர் மீது கொதிநீரை ஊற்றுவது, ஒருவர் மேல் நாயை ஏவி விடுவது என்று போகும். கடைசியாக வருவது ஒன்பதாவது உதாரணம். ஒரு பள்ளி ஆசிரியர் தன் மாணவனைத் தன் மதிப்பீட்டுக்கு உட்பட்டு நியாயமான அளவில் பிரம்பால் அடிக்கிறார். அவர் செய்வது குற்றவியல் பலாத்காரம் ஆகாது. பயத்தையும் எரிச்சலையும் உண்டாக்கும் எண்ணம் அவருக்கு இருந்தாலும் அவர் பலத்தைச் சட்டவிரோதமாகப் பாவிக்கவில்லை. இதுதான் அதன் பொருள்.

இன்னொரு தடவை வாசியுங்கள். பயப்படுத்தும் எண்ணம் இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டுவிட்டு, பரவாயில்லை என்கிறது.

நம்முடைய சட்டக்கோவைக்கு முன்மாதிரி 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். அங்கேயும் இதே விளக்கம், இதே உதாரணங்கள். ஆனால் அங்கே பட்டியல் நாயோடு முடிந்துவிடுகிறது. நாய்க்குப் பிறகு வாத்தியாரைக் கொண்டுவந்து சேர்த்தது இலங்கையில்தான். அதை எழுதியவனின் நாட்டில் அரச பாடசாலைகளில் பிரம்பு 1987இல் போய்விட்டது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்தது. நேபாளம் 2018இல் வீட்டுக்குள்ளேயும் தடைசெய்துவிட்டது. நாங்கள் மட்டும் விக்டோரியா மகாராணி காலத்து உதாரணத்தைக் காப்பாற்றக் கையெழுத்துச் சேர்க்கிறோம். இதற்குப் பெயர் 'எங்கள் கலாசாரம்' என்று வேறு சொல்கிறோம்!

'சுற்றறிக்கை இருக்கிறதுதானே, பிறகு ஏன் சட்டம்?' என்று ஒரு சேர் கேட்டார். நல்ல கேள்வி. கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை இருக்கிறது. 2016இல் வந்த 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் இருக்கிறது. இரண்டும் அடிக்காதே என்றுதான் சொல்கின்றன. ஆனால் சுற்றறிக்கை அடிக்காதே என்கிறபோது சட்டக்கோவை அடிக்கலாம் என்கிறது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச்சட்டமும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தண்டிக்கும் உரிமையை விட்டுவைத்திருக்கிறது. பொலிசுக்கோ நீதிமன்றத்துக்கோ விஷயம் போனால் எது பெரிது? சுற்றறிக்கை அதிபரின் அலுமாரிக்குள் கோப்பில் இருக்கிறது. பிரம்பு அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

அடுத்த பயம், 'பிள்ளையைத் தொட்டால் ஜெயில்' என்பது. இதைத்தான் எல்லாரும் பெரிதாகச் சொல்கிறார்கள். ஜெயில் ஒன்றும் புதிதாக வரவில்லை. 1995இல் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, தன் பொறுப்பில் உள்ள 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேண்டுமென்று தாக்கித் துன்பம் விளைவிப்பவருக்கு 2 முதல் 10 வருடம் வரை சிறை என்று சொல்கிறது. முப்பது வருடமாக இருக்கிறது. அப்படியானால் சட்டத்தின் ஒரு பக்கம் பத்து வருடச் சிறை, மறுபக்கம் 'நியாயமான அளவில் அடிக்கலாம்'. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆசிரியர் எந்த அடியில் நியாயம் முடிந்து குற்றம் தொடங்குகிறது என்பதை எதை வைத்து அளப்பார்? ஓங்கிய கை தன் வேகத்தைத் தானே அளந்துகொண்டு இறங்குவதில்லை.

உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் கொடுத்த தீர்ப்பை இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் அறிந்திருக்க மாட்டீர்கள். தெற்கில் ஒரு பாடசாலையில் ஆசிரியர் ஒருவர் மாணவனின் கன்னத்தில் அறைந்தார். காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. ஒரேயொரு அறை. நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய அந்தத் தீர்ப்பில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, அதாவது சித்திரவதைக்கும் கொடூரமான, இழிவான நடத்தைக்கும் ஆளாகாமல் இருக்கும் உரிமை, மீறப்பட்டிருக்கிறது என்று முடிவானது. ஆசிரியர் தன் சொந்தப் பணத்தில் ஒன்றரை இலட்சம் ரூபாவும் அரசு ஐந்து இலட்சம் ரூபாவும் கொடுக்க வேண்டும் என்று கட்டளை. அந்த ஆசிரியரும் காலையில் வீட்டால் வெளிக்கிடும்போது ஒரு பிள்ளையின் காதைச் செவிடாக்க வேண்டும் என்று நினைத்துப் போயிருக்க மாட்டார். ஒன்பதாவது உதாரணம் அவரையும் காப்பாற்றவில்லை, பிள்ளையின் காதையும் காப்பாற்றவில்லை. அப்படியென்றால் அது யாருக்காக இருக்கிறது?

இப்போது எங்கள் கதை ஒன்று. பாடசாலையின் பெயர் வேண்டாம். வன்னிக்குள்தான், சில வருடங்களுக்கு முன்னால்.

தரம் 8இல் ஒரு பையன் கிழமையில் மூன்று நாள் பிந்தி வருவான். காலைப் பிரார்த்தனை முடிந்து முதல் பாடம் தொடங்கின பிறகு வாசலில் வந்து நிற்பான். காரணம் கேட்டால் வாய் திறக்க மாட்டான். நாங்கள் புதிதாக நியமனம் பெற்று வந்தவர்கள். வகுப்பைக் 'கட்டுப்பாட்டுக்குள்' வைத்திருக்கிறோம் என்று காட்ட வேண்டிய அவசரம் எங்களுக்கு. பிந்தினால் இரண்டு அடி என்று சட்டம் போட்டோம். அவன் பேசாமல் கையை நீட்டுவான், வாங்குவான், போய் இருப்பான். ஒருநாள் மட்டும் வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடக்கையை நீட்டினான். வலக்கையை நீட்டு என்றோம். அப்போதுதான் முதன்முதலாக வாய் திறந்தான்.

'வலக்கையில வேண்டாம் ரீச்சர். பின்னேரம் பால் கறக்கோணும்.'

தகப்பன் இல்லை. தாய் விடிய நாலரைக்கே ஆடைத்தொழிற்சாலை பஸ்சுக்குப் போய்விடுவார். மாடு இரண்டும் இவன் பொறுப்பு. காலையில் கறந்து, பால் சேகரிக்கும் இடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய், வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, தங்கச்சியை ஆரம்பப் பாடசாலையில் விட்டுவிட்டு வரவேண்டும். பால் எடுக்கிற வாகனம் பிந்துகிற நாளில் இவனும் பிந்துவான். எத்தனை நாள் வாகனத்துக்காக அவன் உள்ளங்கையில் அடித்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அன்று அடிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. அடித்தோம். இடக்கையில் இரண்டு. வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தது, சொன்ன சொல்லில் நிற்க வேண்டும் என்று ஒரு வீம்பு. பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனபோதுதான் மேலே சொன்ன அத்தனையும் தெரிய வந்தது. அம்மம்மா பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தார். தந்துவிட்டு அவர் சொன்னதுதான் இந்தப் பதிவின் தலைப்பு: 'நல்லா அடியுங்கோ ரீச்சர். கண்ணை மட்டும் விட்டுட்டு அடியுங்கோ. தகப்பன் இல்லாத பிள்ளை.'

இந்த வசனத்தை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். உங்களில் பலர் எங்களிடமே சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படைக்கிற நம்பிக்கையில்தான் சொல்கிறீர்கள், அது எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் அம்மா, ஐயா, கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் மாட்டை வேறொருவன் அடித்தால் வேலிக்கரையில் சண்டைக்குப் போவீர்கள். மாட்டுக்கு நீங்கள் கொடுக்காத அனுமதியைப் பிள்ளைக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?

'நாங்கள் அடிபட்டுத்தான் ஆளானோம்' என்கிறீர்கள். நாங்களும் அடிபட்டவர்கள்தான். 1990 ஒக்டோபரில் நாச்சிக்குடாவில் இருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம் எங்களுடையது. நாங்கள் படித்தது புத்தளத்து முகாமில், கிடுகால் வேய்ந்த கொட்டிலில். அங்கேயும் பிரம்பு இருந்தது. கூரை ஒழுகினாலும் பிரம்பு ஒழுங்காக இருந்தது! அந்தப் பிரம்பால் எங்களுக்கு ஒரு கணக்கும் விளங்கவில்லை. கணக்கு விளங்கியது, பின்னேரங்களில் மண்ணில் குச்சியால் கோடு போட்டுத் திருப்பித் திருப்பிச் சொல்லித்தந்த ஒரு ரீச்சரால். அடிபட்டு ஆளானவர்கள் பேசுவதற்கு இருக்கிறார்கள். அடிக்குப் பயந்து தரம் 6இலேயே நின்று, கடலுக்கும் கூலிக்கும் போனவர்கள் இந்த விவாதத்தில் பேசுவதில்லை. அவர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவும் இல்லை.

இன்னொன்றையும் தயக்கத்தோடு சொல்கிறோம். இந்த மண்ணில் அடிபடாத பெரியவர் யார்? அக்கராயனில் இருந்து 2008இல் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டு, முள்ளிவாய்க்கால் வரை போய், முள்வேலி முகாமுக்குள் இருந்து திரும்பி வந்தவர்கள் நீங்கள். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்த தாய்மார் இன்று எங்கள் மாணவர்களின் அம்மம்மாமார். அந்தக் காலத்தில் ஒரு பிள்ளையின் உடம்பைக் காப்பாற்ற நீங்கள் என்ன பாடு பட்டீர்கள் என்பதை எங்களைவிட நீங்கள் அறிவீர்கள். அப்படிக் காப்பாற்றிக் கொண்டுவந்த பரம்பரையின் பிள்ளையைத்தான் இப்போது பாடசாலை வாசலில் வைத்து, 'கண்ணை மட்டும் விட்டுட்டு' என்கிறீர்கள்.

சரி, இனி எங்கள் ஆட்களிடம் வருவோம். இதை வாசித்துக்கொண்டிருக்கிற முஸ்லிம் சகோதரர்கள் இதுவரை தலையாட்டியிருப்பீர்கள். இனி ஆட்ட மாட்டீர்கள்.

அதே தண்டனைச் சட்டக்கோவையில் 363ஆம் பிரிவு பாலியல் வல்லுறவு பற்றியது. 1995இல் திருத்தினார்கள். 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளை சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அது வல்லுறவுதான் என்று ஆக்கினார்கள். நல்ல திருத்தம். ஆனால் அந்த வசனத்தின் வாலில் ஒரு 'தவிர' வைத்தார்கள். அந்தப் பிள்ளை 12 வயதுக்கு மேற்பட்ட, நீதிமன்றத்தால் பிரிக்கப்படாத மனைவியாக இருந்தால் தவிர. இந்தத் 'தவிர' யாருக்காக? அதே 1995இல் மற்ற எல்லாருக்கும் திருமண வயது 18 ஆகிவிட்டது. மிஞ்சியது நாங்கள்தான். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விவாகத்தைக்கூட காதியார் அனுமதித்தால் பதியலாம் என்று இருக்கிறது. எங்கள் வகுப்பில் 12 வயது என்றால் தரம் 7. தமிழ்ப் பாடத்தில் கட்டுரை எழுதும்போது பென்சிலின் பின்பக்கத்தைக் கடிக்கிற வயது.

'எங்கள் ஊரில் யாரும் 12 வயதில் கட்டிக் கொடுப்பதில்லை' என்பீர்கள். நாங்களும் இங்கே காணவில்லை. அல்ஹம்துலில்லாஹ். அப்படியென்றால் அந்த எழுத்தைக் காப்பாற்ற ஏன் இத்தனை பாடு? நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் குழு போட்டார்கள். அறிக்கை வந்தது 2018இல். ஒன்பது வருடம்! குழு போட்ட அன்று பிறந்த பிள்ளை அறிக்கை வரும்போது தரம் 4 படித்திருக்கும். அறிக்கை வந்த பிறகும் அமைச்சரவை, உலமாக்கள், உறுப்பினர்கள் என்று பந்து உருண்டுகொண்டே இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்களைக் குத்துவதற்கு இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தவர்கள் நிறையப் பேர், அது உண்மை. அவர்களுக்கு எங்கள் பெண்பிள்ளைகள் மேல் திடீர்ப் பாசம் வந்ததை நாங்களும் நம்பவில்லை. ஆனால் எதிரி சுட்டிக்காட்டினான் என்பதற்காக வீட்டுக்குள் இருக்கிற பாம்பை வளர்க்க முடியாது.

மத்ரஸா, ஓதப்பள்ளிப் பிரம்பையும் சேர்த்துத்தான் பேசுகிறோம். 2023 கடைசியில் சாய்ந்தமருதில் ஒரு மத்ரஸாவில் மாணவன் ஒருவன் இறந்தபோது நாடே அதிர்ந்தது. வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். எங்கள் கேள்வி வேறு. அதன்பிறகு எங்கள் பள்ளிவாசல் நிர்வாகங்களில் எத்தனை இடத்தில் ஓதப்பள்ளிப் பிரம்பைப் பற்றி ஒரு கூட்டமாவது நடந்தது? பத்து வயதில் தொழுகைக்காக அடிக்கச் சொல்லும் ஹதீஸைச் சிலர் உடனே எடுத்துக் காட்டுவார்கள். அதே வேகத்தில் அனஸ் (ரலி) அவர்களின் ஹதீஸையும் எடுத்துக் காட்டுங்கள். சிறுவனாகப் போய்ப் பத்து வருடம் நபி (ஸல்) அவர்களுக்கு ஊழியம் செய்தவர், ஒரு தடவைகூடத் தன்னைப் பார்த்து 'சீ' என்று சொன்னதில்லை என்று சாட்சி சொன்னார். தன் கையால் ஒரு பெண்ணையோ ஊழியரையோ அவர் அடித்ததில்லை என்பது ஆயிஷா (ரலி) அவர்களின் சாட்சி. எங்கள் முன்மாதிரி அவரா, 1883ஆம் ஆண்டு வெள்ளைக்காரனா?

இந்த இரண்டையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் கதைக்கிறோம் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே வித்தை. முன்வாசலில் பிள்ளையைப் பாதுகாப்போம் என்று பலகை தொங்கும், பின்கதவில் ஒரு 'தவிர' திறந்திருக்கும். அந்தத் 'தவிர' எப்போதும் பிள்ளைக்கு மிகக் கிட்ட நிற்கிற ஆளுக்குத்தான். ஆசிரியர், கணவன், தகப்பன். தெருவில் போகிற அந்நியன் அடித்தால் குற்றம். 2024 பெப்ரவரியில் வர்த்தமானியில் வந்த திருத்தமும் அப்படித்தான். பிள்ளைக்கு 14 வயது ஆகி, குற்றம் செய்தவர் 22 வயதுக்குக் குறைந்தவராக இருந்து, சம்மதமும் இருந்ததென்றால் தண்டனையை ஒத்திவைக்கலாம் என்று இன்னொரு பின்கதவு திறக்கப் பார்த்தார்கள். பெண்கள் அமைப்புகளும் பாராளுமன்றத்துப் பெண் உறுப்பினர்களும் எதிர்த்து நின்றார்கள், அப்போதைய நீதி அமைச்சர் பின்வாங்கினார். அன்று அந்தச் செய்தியை 'எங்கள் பிள்ளைகளை விற்காதே' என்று பகிர்ந்தவர்களில் பலர் இன்று பிரம்புக்குக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். தன்னைத் தொடாத கதவை மூடு என்கிறோம். எங்கள் கை பிடித்திருக்கிற கதவை மட்டும் திறந்து வை என்கிறோம்.

பிரம்புக்கு எதிரான திருத்தத்துக்கு 2024 ஏப்ரலில் அமைச்சரவை அங்கீகாரம் கிடைத்தது. பிறகு தேர்தல், ஆட்சி மாற்றம், புதிய அமைச்சர். 2025இல் சட்டமூலமாக வந்ததும் பெரிய மதத் தலைவர்கள் தொடக்கம் ஆசிரியர் ஓய்வறை வரை ஒரே குரல். இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது 1991இல். எங்களில் பலர் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தோம். இப்போது எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள்.

இனி அரசாங்கத்துக்கும் இரண்டு வார்த்தை. நாங்கள் ஒரு பக்கத்துக்கு மட்டும் வக்காலத்து வாங்கவில்லை. பிரம்பை எடுத்துவிட்டால் என்ன தருவீர்கள்? ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அதில் ஒருவன் இரவு முழுக்கத் தொலைபேசியில் விளையாடிவிட்டு மேசையில் தூங்குகிறான். ஒருத்தியின் தாய் வெளிநாட்டில். ஒருவனின் வீட்டில் கசிப்பு. ஐஸ் என்ற சாமான் கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளைகளின் வாயிலும் பேச்சாக வந்துவிட்டது. இவ்வளவையும் பார்க்கப் பாடசாலையில் ஆலோசனை வழங்கும் ஆசிரியர் என்று ஒருவர் இருந்தால், அவருக்கும் கிழமைக்கு முப்பது பாடவேளை. பயிற்சிக் கலாசாலையில் பியாஜேயும் ஸ்கின்னரும் படித்தோம், பரீட்சையில் எழுதினோம், சித்தியடைந்தோம். கத்தி மேசையை உதைக்கிற பதினாலு வயதுப் பையனுக்கு முன்னால் முதல் அரை நிமிடம் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. சட்டத்தோடு அதையும் கொண்டுவாருங்கள். அச்சடித்த கையேடு வேண்டாம், ஆள் வேண்டும்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு, ஆகவே அதுவரைக்கும் அடிப்போம் என்று சொல்ல எங்களால் முடியாது. வைத்தியசாலையில் மருந்து இல்லை என்பதற்காக வைத்தியர் நோயாளிக்கு அறைவதில்லை.

நாங்கள் பிரம்பை விட்டு நாலு வருடம் ஆகிறது. ஒழுக்கம் பூத்துக் குலுங்கியது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டோம். முதல் ஆறு மாதம் வகுப்பு சந்தை மாதிரி இருந்தது. பக்கத்து வகுப்பு ரீச்சர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு போனார். தொண்டை போனது. ஒரு தடவை கை ஓங்கிவிட்டு, ஓங்கின கையால் கரும்பலகையை அழித்தோம். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு மெல்ல மெல்ல ஒரு விஷயம் நடந்தது. பிந்தி வருகிற பிள்ளைகள் வாசலில் நின்றே காரணம் சொல்லத் தொடங்கினார்கள். பஸ் வரவில்லை, அம்மாவுக்குக் காய்ச்சல், குளம் வான் பாய்ந்து ரோட்டுக்கு மேலால் தண்ணி. சிலது பொய். அதுவும் தெரியும். ஆனால் போன வருடம் ஒரு பிள்ளை சொன்ன காரணம் பொய்யில்லை. அது வீட்டுக்குள் நடந்த விஷயம், இங்கே எழுதக் கூடாதது. அந்தப் பிள்ளை இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது. எங்கள் மேசையில் பிரம்பு கிடந்திருந்தால் அது வாய் திறந்திருக்குமா? அடிக்கிற ஒருவரிடம் போய், இன்னொருவர் தனக்குச் செய்வதை எந்தப் பிள்ளை சொல்லும்? கையெழுத்து வைத்த சேர்மாரும் ரீச்சர்மாரும் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம்.

பெற்றோருக்கு ஒரு தகவல். உங்கள் பிள்ளைக்கோ அயல் வீட்டுப் பிள்ளைக்கோ ஏதாவது நடந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் நேரிலும் போகலாம். அடித்தது ஆசிரியர் என்றாலும் சொல்லலாம். அது நாங்கள் என்றாலும் சொல்லலாம்.

அந்தக் கடதாசி திங்கட்கிழமை திரும்பவும் வரும் என்று கேள்விப்பட்டோம். வரட்டும். வருகிற பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைக் கதைக்க நேரம் கேட்டிருக்கிறோம். தாய்மார் மட்டும் வந்து இருந்துவிட்டுப் போகாமல் தகப்பன்மாரும் வாருங்கள். அம்மம்மாமாரையும் கூட்டி வாருங்கள், கதிரை போட்டு வைக்கிறோம்.

கீழே திட்டுபவர்கள் திட்டலாம். பதில் சொல்ல நேரம் இருந்தால் சொல்வோம், நாளைக்குத் தரம் 9 பரீட்சைத் தாள் திருத்த இருக்கிறது. ஒரேயொரு வேண்டுகோள். இது எந்தப் பாடசாலை, எந்தப் பையன் என்று ஊகித்துப் பெயர் போடாதீர்கள். போட்டால் அழித்துவிடுவோம்.